அந்தப் பிள்ளை மஞ்சள் கவுன் போடவில்லை

எங்கள் காவல் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர் அக்கா. அவரைவிட நாலு வயது மூத்த தோட்டக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். "உங்களுக்கு நான் தங்கச்சிங்க" என்று இவர் சொன்னால், "குரல் அக்கா குரலா இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்பார் அவர்.

குரல்தான் அக்காவின் உத்தியோகம். பத்தொன்பது வயதில் பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே தானியங்கி இணைப்பு வந்ததும் அவரை எங்கள் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, ஒரு பதிவேடு, சுவரில் ஒரு மின்விசிறி. பக்கத்து அறை தபால் பிரிவு. அதில் நான். நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "தண்ணி குடிங்க" என்று குரல் வரும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. போனில் பேசுகிறவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவார். திருத்த மாட்டார், சுருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில், "அப்பாவுக்கு நெஞ்சு கனமா இருக்கு" என்று ஒருவர் சொன்னதை இவர் "நெஞ்சு வலி" என்று எழுதிவிட்டாராம். டாக்டர் பிடித்துக்கொண்டார். "கனமா இருக்குன்னு சொன்ன மனுஷன் வலின்னு சொன்னாரா? உன் வார்த்தையை எதுக்கும்மா அவர் வாயில திணிக்கிறே?" அன்றைக்குப் பட்ட சூடு. அதற்குப் பிறகு யாராவது "அது வந்து... எப்படிச் சொல்றது" என்று இழுத்தால், அந்த இழுவையைக்கூட எழுதி வைப்பார்.

வீட்டில் அவரும் கணவரும்தான். மகன் வேறு ஊரில் வேலை. கணவர் முப்பது வருடம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வெளியில் காதால் பிழைக்கிற அக்கா, வீட்டில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ரேடியோ கேட்க முடியாததால் கணவருக்கு மாலைப் பத்திரிகைதான் உலகம். தேநீரோடு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படிப்பார். அக்கா சமையலறையில் இருந்தபடி "ம்" கொட்டுவார். அந்த "ம்" அவருக்குக் கேட்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மாலை ஆறே கால் இருக்கும். ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தார். வாய்க்கால் சாலையின் கோடியில் இருக்கிற ஆடைத் தொழிற்சாலையில் பட்டன் தைக்கிறவர். நெஞ்சில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. "என் பொண்ணு வீட்டுக்கு வரலைங்க" என்றார். அதையே நாலு தடவை சொன்னார்.

குழந்தைக்கு ஆறு வயது. வீட்டில் கூப்பிடுவது சிட்டு. அப்பா கப்பலில் சமையல்காரர், கரைக்கு வர இன்னும் நாலு மாதம். தினமும் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நடந்து வந்து அவர்கள் வீட்டிலேயே இருக்கும். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை. மத்தியானம் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சிட்டு தனியாகத்தான் வந்திருக்கிறாள். பூட்டிய கதவைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார். அந்தத் தாயும் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார். வெள்ளைச் சட்டை, பழுப்பு ஸ்கர்ட். சட்டையில் இரண்டாவது பட்டனும் நாலாவது பட்டனும் மட்டும் நீலம். பழையது விழுந்துவிட்டதால் இவர் தைத்துப் போட்டது. பழுப்புச் செருப்பு. இடது செருப்பின் வார் விட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வாரம் தைச்சுக் குடுக்கணும்னு இருந்தேன் சார்" என்றார். அங்கேதான் அவர் உடைந்தார்.

பள்ளி உடையில் போட்டோ எதுவும் இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று. யாரோ உறவினர் வீட்டில் எடுத்தது. மஞ்சள் கவுன் போட்டு, தலையில் காகிதக் கிரீடம் வைத்து, பல் இல்லாத வாயோடு சிரிக்கிறாள். இன்ஸ்பெக்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு இழுப்பறையில் வைத்தார்.

"இதை வெளியில விட வேண்டாம். இதைப் பார்த்தா ஊர் முழுக்க மஞ்சள் கவுனைத்தான் தேடும்."

புதன்கிழமை காலை ஏழு மணிச் செய்தியில் வானொலி அறிவிப்பு வந்தது. வெள்ளைச் சட்டை, பழுப்பு ஸ்கர்ட், இரண்டு நீலப் பட்டன். தகவல் தெரிந்தவர்கள் கூப்பிட ஒரு எண். அந்த எண் அக்காவின் மேஜையில் இருந்தது.

மத்தியானம் மூன்று மணி வரைக்கும் ஒன்பது அழைப்புகள் வந்தன. இரண்டு பேர் வெறுமனே விசாரித்தார்கள். ஒரு பெரியவர் ஜோசியம் சொன்னார். மூன்று பேர் பார்த்தது வேறு குழந்தைகள், விசாரித்ததும் தெரிந்துவிட்டது. மீதி மூன்றை மறக்க முடியாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் கேட்டேன், அக்கா ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டுத் திரும்பப் படித்துக் காட்டுவார்.

முதலில் வாய்க்கால் சாலை ஆரம்பத்தில் இருக்கிற சைக்கிள் கடைக்காரர். "நேத்து நாலு மணி சுமாருக்கு ஒரு பாப்பா வந்துச்சுங்க. வெள்ளைச் சட்டை. ஒரு செருப்பைக் கையில வச்சிருந்துச்சு. பஞ்சர் பார்க்கிற தொட்டியில கையை விட்டு அளைஞ்சுது. 'ஏய், அழுக்குத் தண்ணி'ன்னு சொன்னேன். சிரிச்சுட்டு ஓடிப்போச்சு."

அடுத்தது ஒரு பள்ளி ஆசிரியை. பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தவர். வாய்க்கால் கரைச் சுவரை ஒட்டி ஒரு குழந்தை ஒற்றைச் செருப்போடு தத்தித் தத்திப் போனது என்றார். சட்டை வெள்ளைதான், பள்ளிக் குழந்தை என்று நினைத்தேன், தனியாகப் போகிறதே என்றும் நினைத்தேன், அதற்குள் பேருந்து திரும்பிவிட்டது என்றார்.

மூன்றாவது, கரையோர வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண். "தண்ணி கேட்டுச்சுங்க. குடுத்தேன். என்ன பாப்பா ஒரு செருப்புன்னு கேட்டேன். அறுந்து போச்சு, எங்கம்மாகிட்ட போறேன், அம்மா தைச்சுக் குடுக்கும்னு சொல்லுச்சு."

இதை எழுதி முடித்ததும் அக்கா ஒரு நிமிஷம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். பிறகு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். நானும் பின்னால் போனேன்.

"சார், இந்த மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாதவங்க. மூணு பேருமே ஒத்தைச் செருப்புன்னு சொல்றாங்க. நாம ரேடியோவுல செருப்பு பத்தி ஒண்ணுமே சொல்லலை" என்றார் அக்கா.

இன்ஸ்பெக்டர் எழுந்து சுவரில் இருந்த வரைபடத்தின் முன் நின்றார். சைக்கிள் கடை, பேருந்து திருப்பம், கரையோர வீடு. விரல் அந்த மூன்றையும் தொட்டுக்கொண்டு நேராகத் தொழிற்சாலையில் போய் நின்றது. கரையோர வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் முக்கால் கிலோமீட்டர். அங்கே வீடு கிடையாது. வாய்க்கால் மட்டும்தான்.

"தண்ணியை நிறுத்தினாத்தான் பார்க்க முடியும்" என்றார்.

மதகை மூட மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும். தொழிற்சாலைகளுக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தான் போகிறது. அப்போதே கடிதம் எழுதினார். அதற்கு எண் போட்டு, முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டியவன் நான். மணி மூன்றே முக்கால். நாலரை மணிக்கு மாலைப் பத்திரிகை வந்தது.

முதல் பக்கம் முழுக்க சிட்டுதான். மஞ்சள் கவுன், காகிதக் கிரீடம். சிட்டுவின் பக்கத்து வீட்டில் அந்தப் போட்டோவுக்கு இன்னொரு பிரதி இருந்திருக்கிறது. "மஞ்சள் கவுன் சிறுமி எங்கே? வெள்ளை வேனில் வந்த மர்மப் பெண்! திடுக்கிடும் தகவல்!" கீழே, பள்ளியருகே சில நாட்களாக ஒரு வெள்ளை வேன் நடமாடியதாகக் கூறப்படுகிறது, அதில் ஒரு பெண் இருந்ததாகவும் கூறப்படுகிறது, இதற்கு முன் வேறு குழந்தைகளும் காணாமல் போயிருக்கலாம் என்று கூறப்படுகிறது.

ஐந்து மணிக்கு அக்காவின் இரண்டு தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. அதற்குப் பிறகு அவை ஓயவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள். முதல் ஒன்பது பேரில் ஒருவர்கூட வேன் என்ற சொல்லை எடுக்கவில்லை. இந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் வேன் இல்லாமல் பேசியவர்கள் பதினாலு பேர். எல்லோருக்கும் மஞ்சள் கவுன் தெரிந்திருந்தது. ஒருவர் கிரீடத்தைக்கூடப் பார்த்திருந்தார்.

"கிரீடமா? தலையில போட்டிருந்துச்சா?" என்று அக்கா கேட்டது எனக்குக் கேட்டது.

"ஆமாங்க, நல்லாப் பளபளன்னு."

அதையும் அப்படியே எழுதினார்.

பொய் சொல்லிவிட்டார்கள் என்று அவர்களைத் திட்டவும் முடியவில்லை. ஒரு பெண் போனிலேயே அழுதார். வேன் கண்ணாடி வழியாக அந்தக் குழந்தை தன்னைப் பார்த்துக் கையசைத்தது, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று விம்மினார். அக்கா கால் மணி நேரம் அவரைத் தேற்றினார். அவர் பார்த்ததாகச் சொன்ன நாள் திங்கட்கிழமை. அன்றைக்குச் சிட்டு வீட்டில் இருந்தாள்.

வியாழக்கிழமை காலை எங்கள் வாசலில் கூட்டம். வேனைப் பிடி, வேனைப் பிடி என்று சத்தம். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். இருந்த ஆட்களையெல்லாம் நெடுஞ்சாலைக்கு அனுப்பி, வெள்ளை வேன்களை நிறுத்தச் சொன்னார்கள். பதினோரு மணிக்கு மதகுக் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் "தற்போது தேவையில்லை." வரவுப் பதிவேட்டில் அதற்கும் நான்தான் எண் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரை அனுப்பறேன்க்கா. கரையோரமாப் பார்த்துட்டு வரட்டும்" என்றார். இரண்டு பேர் போனார்கள். நீண்ட கழியால் ஒரு மணி நேரம் துழாவினார்கள். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டார்கள்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனபோது கணவர் பத்திரிகையோடு காத்திருந்தார்.

"வேன்ல வந்தவளுக்குக் கன்னத்துல தழும்பாமே?"

"வேனே இல்லைங்க!" என்று அக்கா கத்தினார்.

"என்னது, வேன் வெள்ளையா? அதான் போட்டிருக்கானே."

"வேன் இல்லை! அந்தப் பிள்ளை நடந்து போயிருக்கு!"

அவருக்கு இந்தத் தடவை கேட்டுவிட்டது. பத்திரிகையைத் தாழ்த்தி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சும்மாவாம்மா போடுவான்? ஏதோ இல்லாமலா இவ்வளவு பெரிசா அச்சடிப்பான்?"

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர். தன் பேச்சைவிட அந்த எழுத்து அவருக்குப் பெரிதாகப் போய்விட்டதே என்று அக்கா மறுநாள் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "அவரே நம்பலைன்னா வேற யார்கிட்ட நான் போய்ச் சொல்ல?" என்றுதான் கேட்டார்.

அடுத்த திங்கட்கிழமை, அந்த மூன்று சாட்சிகளிடமும் முறைப்படி வாக்குமூலம் வாங்கச் சொன்னார்கள். சைக்கிள் கடைக்காரர் கொடுத்த வாக்குமூலத்தைப் பார்த்ததும் அக்கா தன் பதிவேட்டைப் புரட்டினார். "மஞ்சள் நிற கவுன் அணிந்த சிறுமி கடையைத் தாண்டிச் சென்றாள். சற்று நேரத்தில் வெள்ளை நிற வாகனம் ஒன்று அதே திசையில் சென்றது." அவரே அந்தக் கடைக்கு போன் போட்டார்.

"அண்ணே, நான் ஆபரேட்டர் பேசறேன். அன்னிக்கு நீங்க வெள்ளைச் சட்டைன்னு சொன்னீங்களே?"

"அப்படியாங்க சொன்னேன்?"

"ஆமாண்ணே. தொட்டியில கையை விட்டுச்சு, செருப்பு கையில இருந்துச்சுன்னு சொன்னீங்க. உங்க வார்த்தையிலேயே எழுதி வச்சிருக்கேன்."

"தொட்டியில கையை விட்டது ஞாபகம் இருக்கு. ஆனா மஞ்சள்னுதாங்க கண்ணுக்குள்ள நிக்குது. போட்டோவுல அப்படித்தானே இருக்கு? நான்தான் அன்னிக்கு அவசரத்துல தப்பாச் சொல்லியிருப்பேன். எத்தனையோ பேர் மஞ்சள்னு பார்த்திருக்காங்க, எனக்கு மட்டும் எப்படிங்க வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும்?"

அவர் யோக்கியர். பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் அக்காவை அடித்துப் போட்டது. ஆசிரியை தான் பார்த்தது வேறு குழந்தையாக இருக்கும் என்று ஒதுங்கிக்கொண்டார். துணி உலர்த்திய பெண் மட்டும் சொன்னதையே சொன்னார். ஆனால் தெருவில் அவரைப் பார்த்து, தண்ணீர் கொடுத்த நீ ஏன் பிள்ளையைப் பிடித்து வைக்கவில்லை, உனக்கும் அந்த வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் அக்கா தடுப்பின் மேல் எட்டிப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "நான் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. ஆனா கண்ணை மூடினா வாய்க்கால் ஓரமா அது நடந்து போறது தெரியுது. மஞ்சள் கவுன்தான் போட்டிருக்கு. என்னாலயே மாத்த முடியலை."

அந்தப் பத்திரிகை நிருபர் ஒரு நாள் போன் செய்தார். இளம் குரல். புதுத் தகவல் ஏதாவது உண்டா என்று கேட்டார். அக்கா எப்போதும் இல்லாத வழக்கமாகத் திருப்பிக் கேட்டார்.

"கூறப்படுகிறது, கூறப்படுகிறதுன்னு எழுதறீங்களே தம்பி, யாரால கூறப்படுது?"

"மேடம், டீக்கடையில ரெண்டு மூணு பேர் பேசிக்கிட்டாங்க. நான் உறுதியா எழுதலையே. கூறப்படுகிறதுன்னுதானே போட்டேன்?"

"படிக்கிறவங்க அந்த வார்த்தையைப் படிக்கிறதில்லை தம்பி."

"அதுக்கு நான் என்ன மேடம் பண்றது?" என்றார் அவர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார் என்று அக்கா சொன்னார்.

பத்தாவது நாள் ஒரு வேன் பிடிபட்டது. பேக்கரி வேன். பள்ளிக்குப் பக்கத்துக் கடைகளுக்கு தினமும் ரொட்டி போடுகிறவர் அதன் டிரைவர். அவருடைய மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். கூட்டம் அவரை இறக்கி அடித்ததில் வலது கையில் மூன்று விரல் முறிந்தது. வேனில் ஒரு மஞ்சள் துணி கிடந்தது, ரொட்டித் தட்டு துடைக்கிற துணி. மறுநாள் பத்திரிகையில் அது கவுனின் கிழிந்த பகுதியாக இருக்கலாம் என்று கூறப்பட்டது.

ஏழு மாதம் அவர் உள்ளே இருந்தார். அவருடைய வக்கீல் எப்படியோ விசாரித்து அக்காவின் பதிவேட்டை நீதிமன்றத்துக்கு வரவழைத்தார். அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி, முதல் ஒன்பது அழைப்புகளையும் தேதி நேரத்தோடு படித்தார். அதற்கு முன் ஏறிய சைக்கிள் கடைக்காரர், சத்தியம் செய்துவிட்டு, மஞ்சள் என்றே சொல்லியிருந்தார். நீதிபதி இரண்டையும் கேட்டுவிட்டு டிரைவரை விடுதலை செய்தார். வாசலில் டிரைவர் வந்து அக்காவின் முன்னால் நின்றார். வளைந்து போன விரல்களை இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு போய்விட்டார். பேக்கரி அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மகளை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியிருந்தது. விடுதலைச் செய்தி ஏழாம் பக்கத்தில், மூக்குக் கண்ணாடி விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி வந்தது. அக்காவின் கணவர் அதைப் படித்துவிட்டு, அன்று மட்டும் சத்தமாக வாசிக்காமல் மடித்து வைத்துவிட்டாராம்.

அதற்கும் ஒரு வருடம் கழித்து, கரைச் சுவர் இடிந்ததால் வாய்க்காலை நிறுத்திப் பழுது பார்த்தார்கள். கரையோர வீட்டிலிருந்து நானூறு அடி தள்ளி, சாலைக்கு அடியில் போகிற பழைய குழாயில் சேறு அள்ளியபோது வேலையாட்கள் கத்திக்கொண்டு மேலே ஏறினார்கள். சின்ன எலும்புகள். மக்கிய துணி. ஒரு செருப்பு. நாலு வெள்ளைப் பட்டன், இரண்டு நீலப் பட்டன்.

இன்ஸ்பெக்டர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். செய்தி கேட்டு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். குழாயின் வாயில் வெகு நேரம் நின்றார். அன்றைக்குச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட அந்தக் கடிதத்தை எங்கள் யாரிடமும் காட்டவில்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அன்றைக்கே மதகை மூடியிருந்தால் குழந்தை உயிரோடு கிடைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டார். இவ்வளவு நாளுக்குப் பிறகு அதையெல்லாம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாலைப் பத்திரிகை "போலீஸ் மெத்தனம்!" என்று பெரிய எழுத்தில் போட்டது. அதுவாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே இருந்த படத்தில் சிட்டு மஞ்சள் கவுனோடுதான் சிரித்தாள்.

மரபணுச் சோதனை முடிவு வர மூன்று மாதம் ஆனது. தாயின் ரத்தத்தோடு பொருந்தியது. அந்த முடிவை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லும் வேலை அக்காவிடம் வந்தது. "உங்க குரல்ல சொன்னாத் தாங்கிக்குவாங்க" என்றார் புதிய இன்ஸ்பெக்டர்.

சிட்டுவின் அம்மா சமையலறை மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டார். கப்பலிலிருந்து வந்திருந்த கணவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அக்கா பட்டன்களைப் பற்றிச் சொன்னபோது அந்தப் பெண் தலையை ஆட்டினார்.

"நீலப் பட்டன் நான் ஒரு நாளைக்கு ஆயிரம் தைக்கிறேன்க்கா. யார் சட்டையில வேணா இருக்கும்."

"சோதனையும் சொல்லுதும்மா."

"மெஷின் தப்பாச் சொல்லாதா?"

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க எழுதி வச்சதை நானும் கோர்ட்டுல கேட்டேன். எங்கம்மாகிட்ட போறேன்னு சொல்லுச்சாம். செருப்பை எடுத்துக்கிட்டு என்கிட்டதான் வந்திருக்கு. அந்த நேரம் நான் ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து பட்டன் தைச்சுக்கிட்டு இருந்தேன். ஜன்னலைத் திறந்தா வாய்க்கால் தெரியும்க்கா. இதை வச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கட்டும்? வேன்ல போயிருந்தா எங்கேயாவது இருப்பா. யாரோ ஒருத்தி சோறு போட்டு வளர்த்துக்கிட்டு இருப்பா. எனக்கு அது போதும்."

எத்தனையோ வருடம் சொன்னதைச் சொன்னபடி எழுதி வந்தவர், அன்று அந்தச் சோதனை முடிவை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சிட்டுவின் அப்பா மட்டும் எலும்புகள் இருந்த பையை வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார். தாய் வரவில்லை.

வேன் கதையை நிறுத்தப் பத்திரிகைக்கும் மனமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, ஏதோ ஒரு தூரத்து ஊரில் அதே சாயலில் ஒரு சிறுமியைக் கண்டதாகக் கூறப்பட்டது. அப்படி வரும்போதெல்லாம் சிட்டுவின் அம்மா துண்டுக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்கு வருவார்.

அக்கா ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருந்தபோது அவர் வந்ததை நான் பார்த்தேன். மத்தியானம் ஒன்றரை மணி. அக்கா டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். மூடி வைத்துவிட்டு அந்த ஊர்க் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துச் சுழற்றினார். தன் பெயரையும் அலுவலகத்தையும் சொன்னார். ஒரு சிறுமி, வயது பதினொன்று இருக்கும், உங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்ததாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது, கொஞ்சம் விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் குரலில் ஒரு பிசிறும் இல்லை. யாராவது புதிதாகக் கேட்டிருந்தால் அந்தக் குழந்தை இன்றைக்குக் காலையில்தான் காணாமல் போனது என்று நினைத்திருப்பார்கள்.

காத்திருக்கச் சொன்னார்கள். அக்கா ரிசீவரைக் காதில் வைத்தபடியே இருந்தார். எதிரில் அந்தப் பெண் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, அக்காவின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் இருக்கும்.

"சரிங்க... சரிங்க. ரொம்ப நன்றிங்க." ரிசீவரை வைத்துவிட்டு அக்கா மெதுவாகச் சொன்னார். "விசாரிச்சுட்டாங்கம்மா. அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் கூடவே இருக்காங்களாம். வேற பொண்ணு."

"அப்படியா" என்றார் அந்தப் பெண். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேன்க்கா. அடுத்த தடவை காலையிலேயே வந்துடறேன்."

"எப்ப வேணா வாம்மா" என்றார் அக்கா.